யானை ஏன் படுத்தது

எங்கள் மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. லிந்துலையில் ஆட்டோ ஓட்டினார். பொலிஸ்காரர்களோடு சண்டை, சமாதானம் இரண்டையும் சிங்களத்திலேயே நடத்துவார். பேசத்தான் வரும், ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அப்போது எனக்கு நாலாம் வகுப்பு. எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்தார். அவருடைய தமிழே எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. வந்த முதல் நாள் 'எல்லாரும் என்னோட கதையுங்கோ' என்றார். கதை சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து ஆளுக்கொரு பேய்க்கதை சொன்னோம். அவர் சும்மா பேசத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிவதற்குள் ஒரு பாடவேளை முடிந்திருந்தது.

அதனாலோ என்னவோ, அவருக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நாங்களும், கீழே ரோட்டோரச் சிங்களப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒருவர் கதையை ஒருவர் படிக்க வேண்டும். அப்போதுதான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வோம் என்றார். எங்களுடைய படக்கதைப் புத்தகம் ஒன்று கீழே போனது. அவர்களுடையது ஒன்று மேலே வந்தது. வீட்டில் சிங்களம் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். மாமாவிடம் கதையைக் கேட்டு வந்து, அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழில் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு சிங்கள டீச்சர் அதைத் தன் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் சொல்வார்.

அந்த நாட்களில் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம். அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது.

மாமா புத்தகத்தை வாங்கி அட்டையை வெகுநேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, விரலை எழுத்துகளின்மேல் ஓட்டியபடி கதை சொன்னார். வயல் நடுவில் யானை படுத்திருந்தது. அது வேலைநிறுத்தம். வெள்ளைத் தொப்பி போட்டவர் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை. கரும்பும் வாழைப்பழமும் கொண்டுவந்தவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள். யானை கரும்பைத் தின்றதே தவிர எழுந்திருக்கவில்லை. மரம் இழுக்கிற வேலைக்கு இந்தக் கூலி போதாது என்று அது சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் கழுத்தில் மாலையோடு நின்றது. கேட்டது கிடைத்துவிட்டது.

இதை அப்படியே மனப்பாடம் செய்து, எங்கள் வகுப்போடும் டீச்சரோடும் கீழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கை கால் ஆட்டிச் சொன்னேன். அந்தச் சிங்கள டீச்சர் முதல் இரண்டு பக்கங்களை ஒழுங்காகச் சிங்களத்தில் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே மீதியையும் சொன்னார். பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். அவர்கள் என்னையே வெறித்துப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்து படபடவென்று ஏதோ சொன்னாள். டீச்சர் தமிழில் விளக்கினார். யானைப்பாகனின் மகள் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாளாம். அந்தக் கவலையில்தான் யானை படுத்துவிட்டதாம். அவள் விடுமுறைக்கு வந்ததும் எழுந்துவிட்டதாம்.

எனக்கு மானம் போய்விட்டது. மாமாவை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

"கவலையில இருக்குற யானை இம்புட்டுக் கரும்பா திங்கும்?" என்று கேட்டேன்.

டீச்சர் அதையும் மொழிபெயர்த்தார். ரெட்டைச் சடைக்காரி புத்தகத்தை வாங்கி, கரும்புக் கட்டு பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே போவதை உற்றுப் பார்த்தாள்.

இடைவேளையில் எல்லோரும் யானை விளையாட்டு விளையாடினோம். கவலைப்படுவதைவிட வேலைநிறுத்தம் செய்வதே எல்லோருக்கும் பிடித்திருந்தது. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மைதானத்தில் மல்லாந்து கிடந்தோம். எங்கள் டீச்சரின் முகம் வெளிறிவிட்டது. தன் திட்டம் அன்றோடு முடிந்தது என்றே அவர் நினைத்திருப்பார்.

அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் வெளியே வந்தார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். என் பக்கத்தில் படுத்திருந்த ரெட்டைச் சடைக்காரிதான் படுத்தபடியே பதில் சொன்னாள். எனக்குப் புரிந்தது யானையைக் குறிக்கும் 'அலியா' என்ற ஒரு சொல்தான். நாங்கள் யானைகள், விளையாட இன்னும் நேரம் வேண்டும் என்றாளாம். கதை எப்படி முடிகிறது என்று அதிபர் தமிழ் தெரிந்த டீச்சரிடம் விசாரித்தார். கேட்டுவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் விளையாடலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவளும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து எழுந்தோம். புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள் என்று அந்த டீச்சரே என்னிடம் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவை மடக்கினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"எழுதுனவன் பயந்துபோயி மாத்தி எழுதியிருப்பான். படம் வரைஞ்சவன் உண்மையச் சொல்லியிருக்கான், பாரு" என்றார்.

மைதானத்தில் நடந்ததை நான் சொல்லச் சொல்ல, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நின்று சிரித்தார்கள். மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வேலைநிறுத்தம் இன்னும் முடியாமல் வீட்டில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டார்.

"அந்த யானை எத்தன நாளு படுத்திருந்துச்சு?"

நான் புத்தகத்தைத் திருப்பி எண்ணிப் பார்த்தேன்.

"மூணு பக்கம்மா."

"மூணு பக்கந்தானா" என்றார் அம்மா.

பிறகு புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தில் மாலையோடு நின்ற யானையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். படம் அழகாக இருப்பதால்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். முதல் பக்கத்தில் இதைவிடப் பெரிய யானை இருக்கிறது என்று சொல்லி, அவர் கையிலிருந்த புத்தகத்தை முன்னால் திருப்பிக் காட்டினேன்.