நாமக்கட்டி பூசிய குண்டுகள்

பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வென்றவள் என்பதால்தான், தாமல் ஏரிப் பக்கத்தில், சாயக் குண்டுகளால் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் திடலில் எனக்கு வார இறுதி வேலை கிடைத்தது. ஆட வருவோருக்கு விதிகளை ஒலிவாங்கியில் எடுத்துரைப்பேன். என் குரலுக்குக் கட்டுப்படாதவர் இல்லை என்ற கர்வம் எனக்கு உண்டு.

துப்பாக்கிகளைப் பராமரித்தவர் முசரவாக்கத்து அண்ணன். அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். திடல் திறக்குமுன் அவர் ஒவ்வொரு துப்பாக்கியின் குறியையும் சோதிப்பார். சாயக் குண்டு ஒருமுறை பட்டால் உடைந்துவிடும். அதனால் பொறுக்கியெடுத்து மீண்டும் சுடக்கூடிய ரப்பர் குண்டுகளே சோதனைக்கு. ரப்பர் தடம் விடாது. எனவே நாமக்கட்டியைக் குழைத்து மெலிதாகப் பூசுவோம். கறுப்புப் பலகையில் வெள்ளைப் பொட்டு விழும்.

ஒரு ஞாயிறன்று, முகக்கவசம் மறைக்காத காதோரத்தில் குண்டு பட்டு, ஒரு மாணவியின் செவிப்பறை கிழிந்தது. "மறைவுக்கு வெச்ச ட்ரம்மத்தான் நான் குறி வெச்சேன். துப்பாக்கிதான் சைடுல இழுக்குது" என்றான் சுட்டவன்.

மறுநாள் காலை என்னையும் வரவழைத்திருந்த முதலாளி அந்தத் துப்பாக்கியை அண்ணனிடம் நீட்டினார். "சுட்டுக் காட்டுபா. நேரா போனா நீ இரு. இழுத்துச்சுனா கெளம்பு."

அண்ணன் ரப்பர் குண்டுகளில் நாமக்கட்டியை அள்ளி அப்பினார்.

"இன்னாண்ணே, குண்டுக்கு நாமம் சாத்துறியா?" என்றேன்.

"பொட்டு பளிச்சுனு தெரியணும்மா. அப்புறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

முதல் குண்டு நடுவில் பட்டது. அடுத்தது விலகியது. அதற்கடுத்தது பலகையையே தொடவில்லை. முதலாளி அறைக்குள் போனார்.

நான் குழலுக்குள் பார்த்தேன். உள்சுவரெங்கும் வெள்ளைக் களிம்பு. துணி சுற்றிய குச்சியால் துடைத்துவிட்டு, கழுவிய குண்டுகளைச் சுட்டேன். எல்லாம் அந்த முதல் பொட்டின் மேலேயே பட்டு அதை உதிர்த்தன.

அழுக்குத் துணியோடு முதலாளியின் முன் நின்று வாதிட்டேன். எந்த மேடையிலும் அவ்வளவு செம்மையாக நான் பேசியதில்லை. அவரும் முழுவதும் கேட்டார்.

"நீ சொல்றது கரெக்டுமா. துப்பாக்கி நல்லாத்தான் இருக்குது. அப்போ அந்தப் பையன் வேணும்னே சுட்டான்னு ஆவுது. அவன் யார் வூட்டுப் புள்ளன்னு தெரியுமில்ல? பழி துப்பாக்கி மேலயே இருக்கட்டும். பொண்ணோட அப்பா வந்துக்கினு இருக்காரு. துப்பாக்கி ரிப்பேர், ஆள நிறுத்திட்டோம்னு நீயே சொல்லிடு. உனக்குத்தான் நல்லா பேச வருமே."

வாசலில் நின்ற அண்ணன் அனைத்தையும் கேட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண்ணின் தந்தை வந்தார். சட்டைப்பையில் மருத்துவமனைச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. "இன்னாமா நடந்துச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்.

"துப்பாக்கி நேராகத்தான் சுடுகிறது, ஐயா" என்றேன். அலங்காரம் எதுவும் வாயில் வரவில்லை.

நண்பகலுக்குள் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், அண்ணனின் வண்டிக்கு அருகே நன்றியை எதிர்பார்த்து நின்றேன் என்றே நினைக்கிறேன்.

"உன்ன யாருமா கேட்டது?" என்றார் அண்ணன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்கு சேத்து வுடறேன்னு காலையில சுடச் சொல்றதுக்கு முன்னாடியே மொதலாளி சொல்லியிருந்தாரு. இப்ப அதுவும் போச்சு."

வண்டியைக் கிளப்பினார். பின்னால் உட்காரச் சொல்லவில்லை.