கிலோமீட்டர் கல்லால் பூமியை அளந்தவர்

வேலைக் காலம் முழுவதும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் மட்டுமே போய்வந்த ஒருவருக்குப் பூமியின் சுற்றளவு எதற்கு? கண்டக்டர் பாக்கியநாதன் அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவருடைய மனைவி கிருபா அக்கா போன வாரம் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கேள்விதான்.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். சித்தூரிலிருந்து தினமும் போய்வந்த வருடங்களில் அவருடைய பஸ்ஸில்தான் விடைத்தாள் திருத்துவேன். ஒருநாள் பாகாலாவில் பஸ் நின்றிருந்தபோது, நான் அடித்திருந்த விடையை எட்டிப் பார்த்து, "இன்னா மேடம் தப்பு எழுதிக்கீறாங்க?" என்றார்.

அலெக்சாந்திரியாவில் இருந்த பழைய கிரேக்க நூலகர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். தெற்கே ஓர் ஊரில் கோடை நண்பகலில் வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கும். அதே நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அந்த நிழலின் கோணத்தையும் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தையும் வைத்து அவர் பூமியை அளந்தார்.

"தூரத்த யாரு அளந்தாங்க?"

நடந்தே அளப்பதற்கு ஆட்கள் இருந்ததாகச் சொல்வார்கள் என்றேன்.

"அப்போ நம்ம வேலைதான்," என்றார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நண்பகல் சித்தூரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். திருப்பதியில் ஏறக்குறைய மறுநாள். நான் திருப்பதிக்குக் குடிபெயர்ந்த பிறகு முடிந்த வருடமெல்லாம் அந்த நாளில் அவர் சித்தூரில் வீட்டு வாசலிலும் நான் கல்லூரி மாடியிலும் ஆளுக்கொரு இரண்டு மீட்டர் கம்பியை நட்டோம். "இங்க நிழல் இல்ல" என்று அவர் போனில் சொன்னதும் நான் என் நிழலை அளக்க வேண்டும்.

முதல் வருடம் பூமி ஒன்றரை மடங்காக வந்தது. அவர் தன் நோட்டில் போட்ட தூரம் எழுபது கிலோமீட்டர், சாலையோரக் கற்களின் கணக்கு. நேர் வடக்காக அளந்தால் நாற்பத்தாறுதான் என்று வரைபடத்தைக் காட்டினேன்.

"நம்ம பஸ்ஸு பறந்துக்கினா போவுது? கல்லு பொய் சொல்லாது மேடம்."

நாற்பத்தாறுக்கு அவர் இறங்கிவர மூன்று வருடம் ஆனது. அதன் பிறகு ஒரு வருடம் அவருக்கு டூட்டி, ஒரு வருடம் எனக்குத் தேர்வு வேலை என்று அளக்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவைத்தேன்: இரண்டு ஊருக்கும் உள்ள கோணத்தைவிடச் சூரியனின் அகலமே அதிகம், நிழலின் ஓரம் மங்கும், இந்தக் கணக்கை நம்ப முடியாது. அவர் கோபப்படவில்லை. "டிக்கெட் மிஷினுந்தான் தப்பு பண்ணுது. அதுக்குன்னு பஸ்ஸ நிறுத்திடறமா?" என்றார்.

ஓய்வு பெற்ற பின் போன வருடம் எல்லாம் கூடிவந்தது. திருப்பதியில் மேகம். "அடுத்த ஏப்ரல்ல உட மாட்டேன்" என்றார். அந்த நாளுக்கு முதல் நாள் இறந்துபோனார்.

அடக்கத்துக்குச் சித்தூர் போனேன். ஜெபம் முடியும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளுக்கு நிழல் இல்லை. கிருபா அக்கா என் பக்கம் குனிந்து, "இன்னிக்கு உங்க ஊர்ல யாரு பாக்கறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லக்கா."

சிலுவைகளின் அடியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நாளைக்கு சூரியன் உங்க ஊருக்குத்தான வரும்? அப்போ எங்க கம்பிக்கு நிழல் இருக்குமே. நா அளக்கறேன்," என்றார். இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பன்னிரண்டு பத்துக்கு மாடியில் என் கம்பியின் நிழல் அதன் காலடியில் ஒடுங்கியது. போன் செய்தேன். "தெக்கால விழுது. ஒண்ணரை சென்டி. ஓரம் மங்கலாத்தான் கீது," என்றார் அக்கா. நாற்பத்தாறைப் போட்டுக் கணக்கிட்டேன்: முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். புத்தகங்களில் இருப்பது நாற்பதாயிரம்.

"தப்பா மேடம்?"

"கொஞ்சம் குறையுதுக்கா."

"பரவால்ல. அவரு மொதல்ல போட்ட அதிகத்துக்கு இது நேராப் பூடும்."

சென்று வாருங்கள், அண்ணா. அந்தக் கணக்கை உங்கள் நோட்டில் அக்காவே எழுதிவிட்டார்.