பத்து வெள்ளியும் பொகாச்சாவும்

தம்பிக்கு விசா கிடைக்க வேணும் எண்டு, பத்து வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பட்டினி, மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு, நான் குடியிருந்த இங்கிலீசுக்காரர் ஊர்க் கோயிலிலை, ஆர்ச்வே முருகனிட்டை நேர்ந்துகொண்டன். எண்பதுகளின்ரை கடைசி. அவன் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை இருந்தான். சுற்றிவளைப்பு எண்டால் ஆமியும் பொலிசும் தமிழ்ப் பொடியளை அள்ளிக்கொண்டு போற காலம். போன் அடிச்சால் அடுப்பிலை இருக்கிறதையும் விட்டிட்டு ஓடுவன்.

பின்னேரப் பூசை முடிஞ்சு இறக்கத்தாலை வரேக்கை பசியிலை கண் இருட்டும். வழியிலை ஒரு ஹங்கேரிக்காரக் கிழவியின்ரை பேக்கரி, நாலு மேசையோடை. முதல் வெள்ளி கண்ணாடியிலை மூக்கு முட்டப் பார்த்தன். கசகசா வைச்சுச் சுருட்டினது, வால்நட் வைச்சது, அடுக்கடுக்காய் கேக். ஒரு மூலையிலை சின்னச் சின்ன பணிஸ், உருண்டைப் பன் மாதிரி, தலையிலை கத்தியாலை கட்டம் கீறி வைச்சிருந்தது. பொகாச்சா எண்டு கிழவி சொன்னா.

மச்சம் இருக்கோ எண்டு கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. எங்கடை ஆக்களின்ரை கணக்கு வேறையெல்லோ. பற்றிஸ், ரோல்ஸ் எண்டால் உள்ளுக்கு இறைச்சி இருக்கும், பிச்சால் தெரியும். இதைப் பிச்சுப் பார்த்தன். உள்ளுக்கு ஒண்டும் இல்லை. பொரிச்ச வெங்காயம் மாதிரி கொஞ்சம் பழுப்புத் துணுக்கு, அவ்வளவுதான். அப்ப சைவம். ரெண்டு திண்டன்.

அம்மாடி, என்ன ருசி! அடுத்த வெள்ளி மூண்டு. "விரதம் எண்டு போறாய், முகம் பளபளக்குது" எண்டு வீட்டுக்காரர் நக்கலடிச்சார். முருகன்ரை அருள் எண்டன்.

எட்டாம் வெள்ளி, வீட்டிலையும் செய்து பார்ப்பம் எண்டு கிழவியிட்டைச் செய்முறை கேட்டன். உள்ளுக்குப் போய் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைச்சா. வெள்ளை வெளேரெண்டு கொழுப்பு, அதுக்குள்ளை என்ரை 'வெங்காயம்'. தன்ரை விலாவைத் தட்டிக் காட்டி, "பன்றி" எண்டு பெருமையாய்ச் சொன்னா.

"ஐயோ, என்ரை முருகா!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் எழுதிப் போடேல்லை?" எண்டு கத்தினன். "பன்றி இல்லாமல் பொகாச்சாவோ?" எண்டு அவவும் கத்தினா. ரெண்டு பேற்றை இங்கிலீசும் நொண்டி, ஆனால் சண்டைக்குக் காணும். பிறகு அழுகை வந்திட்டுது. எட்டு வெள்ளியும் நாசம். தம்பியின்ரை விசாவை நானே திண்டிட்டன் எண்டு விக்கி விக்கிச் சொன்னன்.

கிழவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினா. "அவனுக்கு எத்தினை வயது?" எண்டு மட்டும் கேட்டா. பத்தொன்பது எண்டன். கோவா, அதுதான் முட்டைக்கோசு, வைச்சுச் சுத்தின ஒண்டைக் கொண்டுவந்து முன்னாலை வைச்சா. பன்றி இல்லைத்தானே எண்டு மூண்டு தரம் கேட்டுத்தான் வாய் வைச்சன்.

முருகனிட்டை மன்னிப்புக் கேட்டு, திரும்ப முதலிலையிருந்து பத்து வெள்ளி தொடங்கினன். ரெண்டாம் வெள்ளிக்கு முன்னமே விசா வந்திட்டுது. எந்தக் கணக்கிலை தந்தார் எண்டு நான் இண்டைவரைக்கும் கிண்டேல்லை. கோயிலிலை ஒரு அக்கா, "என்ன விரதம் பிடிச்சனீர், எனக்கும் சொல்லுமன்" எண்டு கேட்டா. "சும்மா வெள்ளி விரதம்தான் அக்கா" எண்டு மழுப்பிப்போட்டு நழுவினன்.

தம்பி வந்திறங்கின கிழமையே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பேக்கை அந்தக் கடைக்குள்ளையும் கொண்டுபோனன். கிழவி மாக்கையோடை வந்து அவன்ரை முகத்தை ரெண்டு கையாலையும் பிடிச்சா. விடேல்லை. தனக்கும் ஒரு தம்பி இருந்தவன், தங்கடை நாட்டுக் குழப்பத்திலை தான் எல்லை தாண்டி ஓடி வரேக்கை 'பின்னாலை வாறன்' எண்டவன், அவனுக்கும் பத்தொன்பது எண்டு அண்டைக்குத்தான் சொன்னா. பிறகு என்ன நடந்தது எண்டு கேக்க ஏலேல்லை.

சூடாய் ஒரு பொகாச்சா எடுத்து அவன்ரை கையிலை வைச்சா. கன்னமெல்லாம் மாவோடை அவன் என்னைப் பார்த்தான்.

"அக்கா, இண்டைக்கு வெள்ளியெல்லோ. மச்சமோ?"

கிழவி அவன்ரை வாயையே பார்த்துக்கொண்டு நிண்டா.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லையடா, சாப்பிடு" எண்டன்.