நடுவுக்கு எட்டாத மிஷின்

என் மூத்தாரை, அதாவது கணவரின் அண்ணனை, எனக்குப் பிடிக்காது. செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது என்னை வாய் திறக்க விடவில்லை, இப்போதாவது எழுதிக்கொள்கிறேன்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். கீரனூரில் எங்களுக்குத் தகரப் பட்டறை. அண்ணனும் தம்பியும் வாளி, எண்ணெய் டின் செய்வார்கள். கடலை மில்களுக்குச் சல்லடைத் தகடும் போகும். அதில் ஓட்டை போடுவது என் வேலை. தகட்டை ஈயக்கட்டி மேல் வைத்து, பஞ்ச் என்கிற இரும்புக் குச்சியை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. ஒரு தகட்டுக்கு ஆயிரம் அடியாவது விழும். அடித்து அடித்து வலது மணிக்கட்டு வீங்கி, சோறு பிசையக்கூட முடியாமல் போயிற்று. கையை ஓய வைக்காவிட்டால் முடங்கிப்போகும் என்று வைத்தியர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் ஓட்டை போடும் மிஷின் பற்றிய பேச்சே வீட்டில் எழுந்தது.

திருச்சிக்கு மூவரும் பஸ் ஏறினோம். நான் வருவது மூத்தாருக்குப் பிடிக்கவில்லை. சல்லடை அளவில் ஒரு பழைய தகட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

“சீர் தூக்கிக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குடா வாரா ஒம் பொண்டாட்டி?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி தம்பியிடம் கேட்டார். என்னிடம் நேராகப் பேசுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று சின்னது, சிவப்புப் பெயின்ட் அடித்தது. கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஓட்டை விழும். மற்றது திருகு மிஷின். தலைக்கு மேல் ஒரு குறுக்குக் கம்பி, அதன் இரு முனையிலும் இரும்புக் குண்டு. கம்பியைச் சுற்றிவிட்டால் குண்டின் கனமே திருகை இறக்கிவிடும், கைக்கு நோகாது. அதன் வாய்க்குள் தகடு ஒரு முழம் போகும். சிவப்பு மிஷினில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன், ஒரு சாண்கூட இல்லை. எங்கள் தகடோ ஒன்றரை முழ அகலம், நடுவுக்கு எட்ட முக்கால் முழமாவது உள்ளே போக வேண்டும்.

“மச்சான், இது தகட்டு நடுவுக்கு எட்டாதுங்க” என்றேன் மூத்தாரிடம்.

கடைக்காரர் நல்ல மனிதர். “தகடுதான் கொண்டாந்திருக்காங்களே, ரெண்டு மிஷின்லயும் ஒரு ஓட்டை போட்டுப் பாத்திருங்க” என்றார்.

மூத்தாருக்கு வந்ததே கோபம். “பூசை போடாத மிஷினு தகட்டைக் கடிக்கக் கூடாதுங்க. கன்னி கழியாம கொண்டு போகணும்” என்றார். குண்டு சுற்றி யார் மண்டையையாவது பிளக்கும் என்று மற்றதை ஒதுக்கினார். என் கணவரைப் பார்த்தேன். “அண்ணன் பாத்துக்குவாக” என்றார் அந்த மகாராசன். சிவப்பு மிஷின் பஸ் மேலே ஏறியது, என் தகடு சுற்றிய துணி பிரியாமலே திரும்பி வந்தது.

நல்ல நேரம் பார்த்து, சந்தனம் பூசி, மிஷின் முதலில் கடித்தது ஓர் எலுமிச்சம்பழத்தை. அடுத்துத் தகட்டைக் கொடுத்தார்கள். நாலு ஓரத்திலும் ஓட்டை விழுந்தது, நடு அப்படியே மொழுக்கென்று கிடந்தது. விழுந்த ஓட்டைகளின் அடியிலும் பிசிறு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அன்று ராத்திரி என் கணவர், “மில்லுக்காரர் வேற எடத்துக்குப் போயிருவாரு, நடுவ மட்டும் நீ போட்டுரு” என்றார். வீங்கின கையோடு நடுவை அடித்து முடித்தேன்.

மில்காரர் பட்டறைக்கு வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார். “நடுவுல வழுவழுன்னு இருக்கு. ஓரத்துல ஏங்க இப்படிப் பிசிறு? பருப்பு கிழிஞ்சுபோகுமே” என்றார்.

“நடு புது மிஷினு போட்டதுங்க. ஓரத்துக்கு மட்டும் பொம்பளைய விட்டேன்” என்றார் மூத்தார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

உடம்பெல்லாம் எரிந்தது. தகட்டைப் பிடுங்கி மிஷினுக்குள் திணித்தேன். “எங்க மச்சான், நடுவுல ஒண்ணு போட்டுக் காமிங்க!”

தகடு இடித்து நின்றது. மூத்தார் முகம் செத்துப்போயிற்று. அவமானப்படட்டும் என்றுதான் செய்தேன், வயிறு குளிர்ந்தது. மில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப மிஷினே வேணாங்க. எங்களுக்கு ஓரம், நடு எல்லாத்தையும் இந்தம்மா கையாலேயே போட்டுக் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்துகொண்டது அப்போதுதான் எனக்கே உறைத்தது. மூத்தார் ஈயக்கட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். சுத்தியலை எடுத்துக் கொடுத்தது என் கணவர்.

வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு அந்த மிஷினுக்குச் சந்தனமும் பொட்டும் வைத்து மாலை போட்டார்கள். பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் சாப்பிட்டேன்.