செயின் சேரலைன்னு போன் வந்தால்

மரம் அறுக்கும் மிஷினை ரிப்பேர் செய்வது சுலபம். அதைக் கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. வில்லியனூரில் கடை போட்டிருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

கயிற்று அளவு

நெட்டப்பாக்கத்திலிருந்து ஏழுமலை என்பவர் மிஷினுக்குப் புது செயின் கேட்டு வந்தார். பழைய செயினைக் கேட்டேன், இரும்புக்கடையில் போட்டுவிட்டாராம். மிஷின்? வூட்டில் இருக்கிறதாம். கையில் மட்டும் முடிச்சுப் போட்ட சணல் கயிறு. செயின் ஓடும் நீளத் தகடான பாரைச் சுற்றி அளந்தாராம்.

நீளம் மட்டும் போதாது, கண்ணிகளின் இடைவெளி, பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிப்பல்லின் கனம், அதன் எண்ணிக்கை எல்லாமே ஒத்துப்போக வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கயிற்றை என் மேஜைமேல் வைத்தார். "அதெல்லாம் சரிப்பா, நான் கரெக்டாதான் அளந்திருக்கேன், நீ குடு."

புகை மட்டும்

காட்டேரிக்குப்பம் தனசேகர் தன் மிஷினை உர மூட்டைப் பையில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்தார். மரம் அறுபடவில்லை, புகைதான் வருகிறது என்றார். மூடியைக் கழற்றினேன். செயின் தலைகீழாக மாட்டியிருந்தது. வெட்டும் பற்களெல்லாம் அவரைப் பார்த்து நின்றன. திருப்பி மாட்டி, வாசலில் கிடந்த கட்டையை அவர் கண்முன்னே இரண்டாக அறுத்துக் காட்டினேன். அவர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் சரியாதாம்பா மாட்னேன். பஸ் குலுங்குன குலுங்கல்ல திரும்பிக்கிச்சு போல."

மாட்டுக் கொட்டகை

மழையும் காற்றும் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் சோரியாங்குப்பத்திலிருந்து ஆரோக்கியம் அண்ணன் போன் செய்தார். பூவரச மரம் கொட்டகைமேல் விழுந்து, பசு அடியில் மாட்டிக்கொண்டதாம். முந்தின நாள் என்னிடம் வாங்கிய செயின் பாரில் சேரவில்லையாம். "செயினை இறுக்குற டென்ஷன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கண்ணே" என்றேன். தளர்த்திட்டேன் என்றார். "அப்போ உங்களுக்கு மாட்டத் தெரியலை, ஒரு செயின் மாட்டத் தெரியாம எதுக்கு மிஷின்?" என்று கத்திவிட்டு, மாட்டிக் காட்டுவதற்காக, எதற்கும் இருக்கட்டும் என்று என் மிஷினையும் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், பெரிய கிளை பசுவின் பின்னங்கால்களை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவி பிலோமினா அக்கா சேற்றில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் பிடித்திருந்தார். நான் செயினை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அடிப்பல் பாரின் பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. கனமான ரகம். எண்ணிக்கையைச் சரியாக எண்ணிவிட்டு, கனத்தைப் பார்க்காமல் பக்கத்து ஆணியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

என் மிஷினைக் கிளப்பினேன். ஈரத் துண்டால் அக்கா பசுவின் கண்ணை மூட, ஆரோக்கியம் அண்ணன் கிளையைக் கடப்பாரையால் தாங்கிக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். கிளை விலகியதும் பசு இரண்டு தடவை சரிந்து, மூன்றாவது தடவை எழுந்து நின்றது. அண்ணன் அதன் காலைத் தடவிப் பார்த்தார். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாபா, போன்ல இவர அந்தத் திட்டு திட்னியே, அத இப்ப யாரு வாங்கிக்கிறது?"

இப்போதெல்லாம் யாராவது செயின் சேரவில்லை என்று போன் செய்தால், விற்றவன் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் கத்துகிறேன்.