எட்டு வேன்களுக்கு ஒரே எல்லை

என் மனைவியும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஒவ்வொரு செமஸ்டரிலும் அவள் முதலிடம்; நான் அவளுக்குப் பின்னால் எங்கேயோ. கல்யாணத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது எனக்குத்தான். அவள் பிடோக் வட்டாரத்தில் எங்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்து ஏழு மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வருத்தப்படுவதுபோல் காட்டிக்கொண்டேன். உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

சிராங்கூன் சாலையில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். துவாஸ், கிராஞ்சி பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற நிறுவனம். எட்டு வேன்கள். வரைபடத்தில் ஒவ்வொரு வேனுக்கும் ஒரு வட்டாரம், பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். உள்ளே இருக்கும் கோடுகள் மறைந்து, சுற்றிலும் ஒரே எல்லைக்கோடு வரும்படி நிரல் எழுதுவது என் வேலை. எழுதினேன். ஆனால் சில வட்டாரங்கள் தொடவேண்டிய இடத்தில் மயிரிழை தள்ளி நின்றதால் ஒன்றாகச் சேரவே இல்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் கொஞ்சம் பெருசாக்குடா. பக்கத்துல பக்கத்துல ஊத்தின தோசை மாதிரி ஒட்டிக்கும். சேர்ந்ததும் அதே அளவு சுருக்கிடு, அவ்ளோதான்.”

அவளே மூன்று வரி அடித்தாள். திரையில் ஒரே கோடு, பிசிறில்லாமல். எனக்கு வயிறு எரிந்தது.

“இரு, வேற எங்கயாவது உடையும்” என்றேன். உடைத்துக் காட்டிவிட வேண்டும் என்று மத்தியானம்வரை பார்த்தேன். அசையவில்லை.

திங்கட்கிழமை எங்கள் மேலாளர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, திரையைப் பார்த்துவிட்டு, “சூப்பர் லா! யாரோட ஐடியா இது?” என்றார்.

“என்னோடதுதான்.”

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் அத்தோடு விடவில்லை. “மேப் வேலைக்கு இன்னொரு ஆள் எடுக்கப் போறோம். உங்க வைஃப்பும் இதே லைன்தானே? அவங்களை அனுப்புங்களேன், பேசிப் பார்க்கிறேன்.”

அவள் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் எல்லாரும் அவளிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

“அவங்க இதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு மேடம். இப்ப கஷ்டம்.”

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அவள், “என்னடா சொன்னாங்க?” என்றாள்.

“பிடிச்சிருக்காம்.”

என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பையை வாங்கி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“உங்க ஆபீஸ்ல ஆள் எடுத்தாங்கன்னா எனக்குச் சொல்லுடா.”

“சொல்லாம இருப்பேனா?” என்றேன்.