போகியில் போன குருத்தோலை

பாப்பா, தம்பி,

நாம் இந்துவா, கிறிஸ்தவரா என்று வகுப்பில் கேட்டார்கள், என்ன சொல்வது என்று போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "தீபாவளிக்கும் துணி எடுப்போம், கிறிஸ்மஸுக்கும் துணி எடுப்போம்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வராது. நான் பத்தாவதோடு நின்றவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பேச்சில் கோர்வை எங்கே வரும். அதனால் நடந்த ஒன்றை எழுதி வைக்கிறேன். இதில் நீங்களும் இருக்கிறீர்கள், ஆனால் ஞாபகம் இருக்காது. பாப்பா அப்போது யூகேஜி. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கடைக்குச் சரக்கு இறக்கப் போவேன். அப்படித்தான் பழக்கம். அவள் வீட்டில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கல்யாணம் என்றதும் அவள் அப்பா, அதாவது நீங்கள் மில்லு தாத்தா என்று சொல்கிறவர், கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அவரே வந்து, "மாப்ள, வெள்ளிக்கிழம எங்க வீட்லயும் கறி கெடையாது, உங்க வீட்லயும் கெடையாது, இதுல என்னா சண்ட" என்று சொல்லி என் தோளில் கை போட்டார். அன்றோடு அந்தப் பக்கம் சரியாகிவிட்டது.

என் அப்பா, உங்கள் பாகூர் தாத்தா, அப்படி இல்லை. என் அம்மா கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டதால் நடுவில் நின்று பேசவும் ஆள் இல்லை. அவர் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. கருவடிக்குப்பத்தில் நாங்கள் குடி வந்த வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் ஊருக்குப் போனால் மாட்டைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். உங்கள் அம்மா அதற்காக அழுததில்லை. ஆனால் பாகூர் பக்கத்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி தெருவில் போனால்கூட நின்று பார்ப்பாள்.

தம்பி பிறந்த பிறகு அவளே போன் போட்டுக் கேட்டாள். "மாமா, புது அரிசி கொண்டாந்து நீங்கதான் எங்க வீட்ல பொங்கல் வச்சித் தரணும், எனக்குத் தெரியல" என்றாள். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் கேட்டாள். போகிக்கு முதல் நாள் மதியம் அப்பா டிவிஎஸ்ஸில் அரிசியும் கரும்புமாக வந்து இறங்கினார். வண்டியைத் தெருவிலேயே, ரோட்டைப் பார்த்தாற்போல் நிறுத்தினார். பொங்கல் பொங்கியதும் கிளம்பிவிடுவேன் என்று அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் பழைய பாய், தேய்ந்த துடைப்பம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பாப்பா போகி மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டையே பெருக்கிச் சுத்தமாக்கிய திருப்தியில் நின்றார். நான் நிமிர்ந்து வாசற்படியைப் பார்த்தேன். நிலைக்கு மேலே ஒன்றும் இல்லை.

அங்கே ஒரு குருத்தோலைச் சிலுவை இருந்தது. குருத்து ஞாயிறு அன்று மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை மில்லு தாத்தா சிலுவையாகப் பின்னி வருஷா வருஷம் நம் நிலையில் சொருகுவார். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய ஓலையைக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசியாக அவர் சொருகிய ஓலையை உங்கள் அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் அதைச் சொருகிய வருஷத்து மழைக்காலத்தில்தான் இறந்துபோனார். "இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் அது காய்ந்து, பழுப்பேறி, ஒட்டடை பிடித்து இருந்தது.

கோலப் பொடிக் கையோடு அம்மா வெளியே வந்தாள். அவளும் நிலையைப் பார்த்தாள். அப்பா அவளிடம், "மேல ஒரு காஞ்ச ஓல சொருவி வச்சிருந்தீங்க. பல்லி குடியிருக்கும்னு அதையும் எடுத்துப் போட்டுட்டேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரில் கை வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள், "நீங்க ஒன்னும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா இப்பவே கெளம்பிடுவாரு. அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாரு" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அவரிடம் போய், அது எரிக்க வேண்டிய ஓலைதான், கோயிலிலும் எரித்து அந்தச் சாம்பலை நெற்றியில் வைப்பார்கள் என்று சொன்னாள். "அப்ப நம்ம திருநீறு மாரி" என்றார் அப்பா. ஆமாம் மாமா என்றாள். எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு பெரிய காரியம் வேறு எதையும் செய்ததில்லை.

ஆனால் பாப்பா, நீ இருந்தாயே. தாத்தா இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, அது மில்லு தாத்தா செஞ்சது. அவரு செத்துட்டாரு. இனிமே யாரு செய்வா" என்று கேட்டாய். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மா, "கொழந்த ஏதோ பேசுது, நீங்க சாப்டுங்க மாமா" என்றாள். அவர் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, மாடு தனியாக நிற்கும் என்று சொல்லி வண்டியை எடுத்தார். மறுநாள் பொங்கலை நாங்களே வைத்தோம்.

நீ தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் நினைத்தது, இனி அவர் வரமாட்டார் என்றுதான். போன் போட்டால் அறுப்பு என்பார், உளுந்து என்பார், வைத்துவிடுவார். நான் சாகுபடிக்காரன் மகன், அந்த நாளில் நிலத்தில் எவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. உங்கள் அம்மா மட்டும், "கூச்சப்படுறாருங்க, கோவம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தவக்காலம் முடியப்போகிற நேரம். குருத்து ஞாயிறுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, டிவிஎஸ் சத்தம் கேட்டது. பின்னால் நனைந்த சாக்கில் சுற்றி என்னவோ கட்டியிருந்தார். பிரித்தால் தென்னங்குருத்து, இளமஞ்சளாக, ஒரு கட்டு.

"நாளைக்குத்தான? ஊர்ல டீக்கடக்காரரு ஒங்காளுதான், அவர கேட்டுகிட்டுதான் வந்தேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா ஓலையைத் தொட்டுப் பார்த்து, "எந்த மரத்துல மாமா வெட்டுனீங்க" என்றாள்.

"கெணத்தடி மரத்துல. அது தாங்கும்."

அது காய்க்கிற மரம். தென்னை வைத்திருக்கிறவன் எதில் வேண்டுமானாலும் கை வைப்பான், குருத்தில் வைக்க மாட்டான். மரம் சுணங்கிப் போகும். எங்கள் அப்பா குருத்தை வெட்டி நான் பார்த்ததே இல்லை. மன்னிப்பு கேட்கிற வழக்கமும் அவரிடம் இல்லை.

"எனக்குக் கீத்து மொடையத்தான் தெரியும். இது தெரியாது. நான் கிழிச்சித் தர்றேன், நீ பின்னும்மா" என்று தரையில் உட்கார்ந்தார். அம்மாவுக்கும் சரியாகத் தெரியாது. அவள் அப்பா செய்யும்போது பார்த்ததுதான். முதலில் பின்னியது ஒரு கை நீண்டு, ஒரு கை குட்டையாக வந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி மேலேர்ந்து பாத்தா சிரிப்பாரு" என்றார்.

சம்பந்தி என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவர் பார்க்காதவர் மாதிரி அடுத்த ஓலையைக் கிழித்தார்.

மதியம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டதும் கிளம்புகிறேன் என்று சொன்னவர், ஓலைச் சிதறலுக்கு நடுவிலேயே துண்டை விரித்துப் படுத்தார். நீங்கள் இருவரும் அவர் பக்கத்தில் படுத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் கண்ணயர்ந்துவிட்டாள்.

நான் மட்டும் எழுந்து வெளியே வந்தேன். டிவிஎஸ் தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. யாரையும் எழுப்பாமல் கேட்டைத் திறந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே நிழலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன்.